மூச்சுக்கு பிரேக் போடுவது யாரு? கண்டுபிடித்த வியன்னா டாக்டர்

ஜோசப் ப்ராயர் என்று தேடினால் ஃப்ராய்டின் பெயரும் கூடவே வந்து நிற்கும். ஆனா ப்ராயரின் முதல் பெரிய வேலை மனசு பத்தினது இல்லை, நுரையீரல் பத்தினது.

1842-ல் வியன்னாவில் பிறந்தவர். 1868-ல் எவால்ட் ஹெரிங்குடன் சேர்ந்து விலங்குகளின் நுரையீரலில் காற்றை ஊதிப் பார்த்தார். நுரையீரல் விரிந்ததும் மூச்சிழுப்பது நின்றது. காற்றை உறிஞ்சிச் சுருக்கினால் மறுபடி இழுக்கத் தொடங்கியது. கழுத்து வழியே போகும் வேகஸ் நரம்பை வெட்டியதும் இந்த எதிர்வினையே காணோம். அதாவது, 'போதும்' என்று நுரையீரலே மூளைக்குத் தகவல் அனுப்புது! இதுதான் ஹெரிங்-ப்ராயர் அனிச்சைச் செயல். பச்சிளம் குழந்தைகளிடம் இது வலுவா இருக்கும். பெரியவர்களுக்கு ஆழமா மூச்சு வாங்கும்போதுதான் பெரும்பாலும் வேலைக்கு வரும்.

இவ்வளவு செய்தவர் பல்கலைக்கழகத்தில் நிலைக்கவில்லை. குடும்ப டாக்டராகவே வாழ்ந்தார். நோயாளிகளைப் பார்த்தது போக மிச்ச நேரத்தில்தான் ஆராய்ச்சி. அப்படியும், காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்கள் தலையின் அசைவை உணர்வதை 1870-களில் விளக்கினார்.

இளம் ஃப்ராய்டுக்குக் கடன் கொடுத்து உதவியதும் இவர்தான். 1895-ல் ஹிஸ்டீரியா பற்றி இருவரும் புத்தகம் எழுதினார்கள். கொஞ்ச நாளில் நட்பு முறிந்தது. ஃப்ராய்டு உலகப் புகழ் பெற்றார். 1925-ல் ப்ராயர் வியன்னாவிலேயே காலமானார்.