எல்.ஐ.சி. பணத்துக்குக் கணக்குக் கேட்டவர்

பெரோஸ் காந்தி 1912 செப்டம்பர் 12-ந் தேதி பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். அலகாபாத்தில் வளர்ந்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். 1942-ல் நேருவின் மகள் இந்திராவை மணந்தார்.

1952 தேர்தலில் உத்தரப் பிரதேசத்திலிருந்து லோக்சபைக்கு வந்தார். முதல் மூன்று ஆண்டுகள் சபையில் அதிகம் பேசவில்லை. 1955 டிசம்பரில் பேசியபோது சபை அதிர்ந்தது. பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியில் பாலிசிதாரர்கள் கட்டிய பணத்தை, தொழிலதிபர் டால்மியா சொந்த வியாபாரத்துக்குத் திருப்பிவிட்டதை அவர் கணக்கோடு எடுத்து வைத்தார். பின்னர் டால்மியா சிறைத் தண்டனை பெற்றார்.

அடுத்த மாதமே ஆயுள் இன்சூரன்ஸ் தொழிலை சர்க்கார் ஏற்றது. 1956 செப்டம்பர் 1-ந் தேதி எல்.ஐ.சி. பிறந்தது. 245 நிறுவனங்கள் அதில் ஒன்றாயின.

பொதுமக்கள் பணம் சர்க்காரின் கைக்கு வந்துவிட்டது. இனிப் பயமில்லை என்று பெரோஸ் சும்மா இருக்கவில்லை. 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் 6 கம்பெனிகளில் எல்.ஐ.சி. சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. முதலீட்டுக் கமிட்டியைக் கலந்துகொள்ளவில்லை.

இதுபற்றி சபையில் கேள்விகள் எழுந்தன. மழுப்பலான பதில்களே வந்தன. டிசம்பர் 16-ந் தேதி பெரோஸ் எழுந்தார். நிதி மந்திரிக்கும் அவரது இலாகா செயலாளருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து அவர் கையில் இருந்தது. விசாரணையைத் தவிர்க்க வழியில்லாமல் போயிற்று.

பம்பாய் ஐகோர்ட் பிரதம நீதிபதி எம்.சி. சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். இடம் போதாமல் வெளியே நின்ற ஜனங்களுக்காக ஒலிபெருக்கி வைக்க வேண்டியதாயிற்று. 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். கேள்வி கேட்டவர் ஆளுங்கட்சி மெம்பர், பிரதமரின் மருமகன். உறவும் கட்சியும் அவர் வாயை அடைக்கவில்லை.

சபையில் கேட்ட கேள்வி வெளியிலும் தெரிய வேண்டும் அல்லவா? சபையில் பேசும் மெம்பர் மீது வழக்குப் போட முடியாது. ஆனால் அதை அச்சிடும் பத்திரிகைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதை மாற்ற பெரோஸ் தனி மெம்பராகக் கொண்டுவந்த மசோதா 1956-ல் சட்டமாயிற்று. நடவடிக்கைகளைத் தீய எண்ணமின்றி உள்ளபடி வெளியிடும் பத்திரிகைகளுக்கு அது காப்பளித்தது.

1960 செப்டம்பர் 8-ந் தேதி டில்லியில் மாரடைப்பால் பெரோஸ் காலமானார். 48 வயது நிறைய நான்கே நாட்கள் இருந்தன.

அவசர நிலையின்போது, 1976-ல், அவருடைய மனைவியின் சர்க்காரே அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 1977-ல் ஜனதா ஆட்சியில் அது மீண்டும் வந்தது. மறு ஆண்டு அந்தப் பாதுகாப்பு அரசியல் சாசனத்திலேயே இடம் பெற்றது.