மாந்தோப்பில் ஒரு மகாகவி

பொருளும் ஓய்வும் வாய்த்தோர் வேனிற்காலத்தில் மலைக்கும் கடற்கரைக்கும் சென்று தங்குதல் உலக வழக்கு. ஸ்காட்லாந்தின் மேற்கே கடல் சூழ்ந்து கிடக்கும் சிறு தீவுகளை நாடிச் சென்று, கற்சுவர்க் குடில்களிற் சில நாள் உறைந்து, மனம் தெளிந்து மீள்வோர் பலர். நம் நாட்டார் உதகையையும் கொடைக்கானலையும் நாடுவர். இவர்கள் யாவரும் புறப்படும்போதே திரும்பும் நாளையும் குறித்துக்கொண்டே புறப்படுகின்றனர். திரும்பும் நாள் இன்னதென்று அறியாமற் சென்று, பத்து ஆண்டுகள் ஓரிடத்தில் தங்க நேர்ந்த புலவர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் சுப்பிரமணிய பாரதியார். அவர் தங்கிய தீவு புதுவை.

புதுவை தீவாதல் எங்ஙனம் என்று அன்பர்கள் வினவலாம். அக்காலத்தில் அந்நகரம் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. கிழக்கே கடல், ஏனைப் பக்கங்களில் எல்லை கடந்தால் ஆங்கிலேயர் ஆண்ட நிலம். அவ்வெல்லையைத் தாண்டினால் சிறை காத்திருந்தது. அப்புலவர்க்கு அந்நிலமும் கடலே ஆயிற்று.

கடந்த விடுமுறையில் யாம் இலாசுப்பேட்டையில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தோம். தேர்வுக்குரிய நூல்களை அமைதியான இடத்தில் இருந்து படிக்கலாம் என்பது எம் எண்ணம். மாலை வேளைகளில் அடுத்துள்ள கருவடிக்குப்பம் வரை நடந்து வருவோம். அங்கே சித்தானந்த சுவாமிகள் கோயில் உள்ளது. அக்கோயில் வாயிலின் விளக்கொளியைப் பாரதியார் பாடியிருத்தலைத் தமிழ் மாணவர் அறிவர். அப்பக்கத்திலேயே குயில் தோப்பு என்று மக்கள் சுட்டிக் காட்டும் இடமும் உண்டு. அவ்விடத்தில் நின்றபோது எம் உள்ளத்தில் எழுந்த வினா ஒன்றே: இத்தோப்பு அவர்க்கு ஓய்விடமா, சிறையா?

பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னச்சாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகத் தோன்றினார். ஐந்து வயதில் தாயை இழந்தார். சிறு பிராயத்திலேயே எட்டயபுரத்துப் புலவர் அவையிற் பாரதி என்னும் பட்டம் பெற்றார். 1897-இல் செல்லம்மாளை மணந்தார். மறு ஆண்டே தந்தையும் மறைந்தார். பின்னர்க் காசியில் சில ஆண்டுகள் கல்வி. மதுரையில் 1904-இல் சில திங்கள் தமிழாசிரியப் பணி. அவ்வாண்டிலேயே சென்னையில் சுதேசமித்திரன் அலுவலகம். அடுத்து இந்தியா என்னும் வார இதழின் ஆசிரியப் பொறுப்பு அவரிடம் வந்தது.

அவ்விதழின் எழுத்து ஆட்சியாளர்க்குப் பொறுக்கவில்லை. 1908-இல் வழக்குத் தொடுத்தனர். பதிவேட்டில் ஆசிரியராகக் காட்டப்பெற்றிருந்த சீனிவாசன் என்பார் பிடிபட்டுச் சிறை புகுந்தார். பாரதியாரும் பிடிபடுவார் என அஞ்சிய நண்பர்கள் அவரைப் புதுவைக்குப் போகுமாறு வற்புறுத்தினர், அவரும் சென்றார். ஒருவர் சிறைக்குச் செல்ல மற்றவர் பாதுகாவலான இடத்துக்குச் சென்றமை சிலர்க்கு உறுத்தலாகத் தோன்றக்கூடும். எமக்கும் தோன்றியதுண்டு. ஆயினும் சென்றவர் வாளா இருந்தாரல்லர். அவ்வாண்டு அக்டோபரிலேயே இந்தியா இதழ் புதுவையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. அது தம் நாட்டுக்குள் வாராதபடி ஆங்கில ஆட்சியார் தடுத்தனர். வாசகரை இழந்த இதழ் 1910-இல் நின்றது.

ஆண்டு செல்லச் செல்ல நெருக்கடி மிகுந்தது. அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் 1910-இல் புதுவை வந்து சேர்ந்தனர். 1911 சூனில் மணியாச்சி நிலையத்தில் ஆஷ் துரை சுட்டுக் கொல்லப்பட்டபின், புதுவையில் ஒற்றர் நடமாட்டம் பெருகிற்று. எழுதிய கடிதம் போய்ச் சேருமோ என்னும் ஐயம். அனுப்பிய பணம் வந்து சேருமோ என்னும் கவலை. ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு இன்று நினைவில்லமாக விளங்குகின்றது. இன்று அமைதியாகக் காணப்படும் அவ்வீடு அன்று வறுமையும் நண்பர் கூட்டமும் ஒருங்கே குடியிருந்த வீடு.

இந்நிலையில் அவர்க்கு வாய்த்ததே மாந்தோப்பு. முத்தியாலுப்பேட்டைக் கிருஷ்ணசாமிச் செட்டியார் என்னும் அன்பரின் தோப்பு அது. அங்கே அவர் செல்வார், தனித்திருப்பார், பாடுவார். குயில் பாட்டு அத்தோப்பின் நினைவிலே பிறந்தது. புதுவை நகரின் மேற்கே சிறிது தொலைவில் உள்ள மாஞ்சோலை என்று நூலின் தொடக்கத்திலேயே இடம் குறிக்கின்றார். அங்கு ஒரு குயிலின் இசையிலே மயங்குகின்றார். அக்குயிலோ குரங்கினிடமும் மாட்டினிடமும் காதல் பேசக் கண்டு வெகுள்கின்றார். அதன் முற்பிறப்புக் கதையைக் கேட்கின்றார். இறுதியிற் குயில் பெண்ணாகிப் பின் மறைகின்றது.

அதன்பின் வரும் பகுதியே எம்மைப் பெரிதும் ஈர்த்தது. விழித்துப் பார்க்கும் புலவர் தோப்பில் இல்லை. தம் வீட்டில் இருக்கின்றார். சுற்றிலும் பழஞ்சுவடிகளும் எழுதுகோலும் பத்திரிகைகளும் பழம் பாய்களுமே கிடக்கின்றன. தோப்பின் இன்பம் முழுவதையும் பாடியவர், அந்தப் பழம் பாயையும் மறவாது பாடினார். அழகைக் கண்டவர் உண்மையை மறைக்கவில்லை. அதனாலன்றோ அப்பாட்டு இன்றும் வாழ்கின்றது!

அப்பாய் விரித்த வீட்டைத் தாங்கியவர் செல்லம்மாள் என்பதையும் ஈண்டுக் கூறாது விடுதல் முறையன்று. தங்கம்மாள், சகுந்தலை என்னும் இரு பெண் மக்களுடன், வருவாய் இன்னதென்று அறியாத குடும்பத்தை அவ்வம்மையார் நடத்தினார். சமைக்க வைத்த அரிசியைப் புலவர் குருவிகளுக்கு இறைத்து மகிழ்ந்தார் என்னும் கதையை நாம் சுவைத்துக் கூறுகின்றோம். அன்று உலை வைக்க வேண்டியவரின் நிலையை எண்ணுவார் சிலரே. முன்னர்ப் பாரதியார் நிவேதிதா தேவியாரைக் கண்டபோது, மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று அவ்வம்மையார் வினவினாராம். பெண்ணுரிமை பாடிய பெருங்கவிக்கு அவ்வினாவே வித்தாயிற்று என்பர். புதுவை வாழ்வின் சுமையிற் பாதிக்கு மேல் சுமந்தவர் செல்லம்மாள் என்றால் அது மிகையாகாது.

அவ்வறுமையினூடே தமிழுக்குக் கிடைத்த செல்வமோ பெரிது. பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகம் 1912-இல் அச்சேறியது. கண்ணன் பாட்டு 1917-இல் வெளிவந்தது. கண்ணனைப் பாடிய அதே வாயால் இயேசு கிறிஸ்துவையும் பாடினார். பிற்காலத்திற் பாரதிதாசன் எனப் புகழ்பெற்ற கனக சுப்புரத்தினம் அவர்க்கு அணுக்கரானதும் புதுவையிலேதான். யோவான் பத்மு தீவில் ஒதுக்கப்பட்டிருந்த காலத்திற் கண்ட காட்சிகளே திருமறையின் இறுதி நூலாயின என்று நாம் படிக்கின்றோம். ஒதுக்கிவைத்தோர் எண்ணாத பயன் ஒதுக்கிடத்தில் விளைவதுண்டு.

அங்ஙனமாயின் புதுவையிலேயே இருந்துவிடலாகாதோ? அவரால் இயலவில்லை. உலகப் போர் 1918 நவம்பர் 11-ஆம் நாள் ஓய்ந்தது. ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 20-ஆம் நாள், பாரதியார் எல்லையைக் கடந்தார். கடலூரை அடுத்துப் பிடிபட்டார். மூன்று வாரத்துக்கு மேல் சிறையில் இருந்து, சில கட்டுப்பாடுகளுக்கு இசைந்து விடுதலை பெற்றார். மனைவியின் ஊராகிய கடையத்தில் ஈராண்டளவு வாழ்ந்தார். 1920-இல் மீண்டும் சென்னைக்கும் சுதேசமித்திரனுக்கும் வந்தார். மறு ஆண்டு திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தாக்குண்டபோது அவரைத் தூக்கிக் காத்தவர் புதுவை நாளிலிருந்து உடன் பழகிய குவளைக்கண்ணன். அதிலிருந்து தேறியும், பின்னர் வந்த நோயினின்று மீளவில்லை. 1921 செப்டம்பரில் அவர் உயிர் நீத்தார். அகவை முப்பத்தொன்பதும் நிரம்பவில்லை.

எம் வினாவுக்கு விடை இதுவே என்று தோன்றுகின்றது. தோப்பு அவர்க்கு ஓய்விடமும் ஆயிற்று, சிறையும் ஆயிற்று. அங்கே குயிலைக் கேட்டார். அங்கேயே நிலைத்திருக்க மறுத்தார். தம் மக்கள் வாழும் நிலத்திற் சிறை உண்டு என்று அறிந்தும் அதனையே நாடி நடந்தார்.

விடுமுறை முடிந்து யாம் இலாசுப்பேட்டையை விட்டுப் புறப்பட்ட காலையில், சாலையில் ஊர்திகள் இடைவிடாது ஓடிக்கொண்டிருந்தன. அவ்வொலிக்கு இடையே எங்கோ ஒரு குயில் கூவியது. கேட்டுச் சிறிது நேரம் நின்றோம். பின்னர்ப் புத்தகக் கட்டை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குத் திரும்பினோம். மாணவ நண்பர்களே, நமக்கும் அமைதியான இடங்கள் வாய்க்கும். அவற்றில் நன்கு தங்குவோம். தங்கிப் பெற்றதை நம் மக்களிடம் கொண்டு சேர்க்கத் திரும்பவும் கற்போமாக.