வில்லனை ஹீரோவாக்கிய காமிக்ஸ்... யார் இந்த ‘எல் சாண்டோ’?

1984 ஜனவரி. மெக்சிகோவில் ஒரு டி.வி நிகழ்ச்சி. வெள்ளி முகமூடி போட்ட 66 வயது மனிதர், அதை லேசா மேலே தூக்கி முகத்தின் ஒரு பகுதியைக் காட்டுறார். சில விநாடிகள்தான். 40 வருஷத்துக்கும் மேலா ரசிகர்கள் பார்க்காத முகம் அது.

ரொடோல்ஃபோ குஸ்மான் உவெர்த்தா. 1917-ல் துலான்சிங்கோ என்ற ஊரில் பிறந்தவர். இள வயசிலேயே மல்யுத்தத்துக்கு வந்துட்டார். ஆனா, பெயர்தான் செட் ஆகலை. ஒரு கட்டத்தில் ‘வௌவால்-2’ என்ற பெயரில் மோதினார். ஒரிஜினல் வௌவால் புகார் கொடுக்க, அதுவும் போச்சு. 1942-ல் பயிற்சியாளர் ஒருவர் புனிதர், பிசாசு, தேவதைன்னு மூணு பெயர்களைச் சொல்ல, இவர் புனிதரை எடுத்துக்கிட்டார். ஸ்பானிஷில் ‘எல் சாண்டோ’.

பெயர்தான் புனிதர். ஆள் பக்கா வில்லன்! மெக்சிகோ மல்யுத்தமான ‘லூச்சா லிப்ரே’யில் ரெண்டு வகை வீரர்கள். விதிப்படி ஆடும் ஹீரோ ‘டெக்னிகோ’, விதியை மீறி அடிக்கும் வில்லன் ‘ரூடோ’. சாண்டோ ரூடோ.

1952-ல்தான் கதை மாறுது. ஹொசே ஜி. க்ரூஸ் என்ற காமிக்ஸ் கலைஞர், சாண்டோவை வெச்சு ஒரு காமிக்ஸ் தொடங்கினார். வெறும் ஓவியம் இல்லை. சாண்டோவையே போஸ் கொடுக்க வெச்சு போட்டோ எடுத்து, வெட்டி, வரைந்த பின்னணியோடு ஒட்டுவார். அதுல சாண்டோ, பேய்களிடமிருந்தும் கொடியவர்களிடமிருந்தும் ஏழைகளைக் காப்பாத்துற ஹீரோ.

வேடிக்கை என்னன்னா, அதே வருஷம் ரிங்கில் அவர் இன்னும் வில்லன்தான். அந்த நவம்பரில் முகமூடியைப் பணயம் வெச்சு நடந்த போட்டியில் பிளாக் ஷேடோவைத் தோற்கடிச்சு, அவரோட முகமூடியைக் கழற்ற வெச்சார். முகமூடி வீரருக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. நண்பனுக்காகக் கொதிச்ச புளூ டீமன், அடுத்த வருஷமே சாண்டோவைத் தோற்கடிச்சு சாம்பியன் பட்டத்தைப் பறித்தார்.

பேப்பரில் புனிதர், ரிங்கில் வில்லன். இந்த இரட்டை வாழ்க்கை சுமார் 10 வருஷம் ஓடுச்சு. 1960-களின் தொடக்கத்தில்தான் ரிங்கிலும் அவர் டெக்னிகோவா மாறினார். அதுக்குள்ள சினிமாவும் வந்திருந்தது. முதல் ரெண்டு படங்களை எடுத்தது கியூபாவில், 1958-ல், காஸ்ட்ரோவின் புரட்சிக்குக் கொஞ்சம் முன்னாடி. மொத்தம் 50-க்கும் மேற்பட்ட படங்கள். வாம்பயர் பெண்கள், மம்மி, வேற்றுக்கிரகவாசிகள்னு யாரையும் விட்டு வைக்கலை. பட்ஜெட் ரொம்ப சுமார், லாஜிக் அதைவிட சுமார். ஆனாலும் கூட்டம் வந்தது. காமிக்ஸ் உருவாக்கிய அந்தக் காவலரைத்தான் திரையில் பார்க்க வந்தாங்க.

சாண்டோவும் அதைப் புரிஞ்சுதான் நடந்துக்கிட்டார். வெளியே எங்கேயும் முகமூடி. சாப்பிடுறதுக்குத் தாடைப் பகுதி திறந்த தனி முகமூடி.

ஆனா, முகம் தெரியாத ஹீரோவுக்கு ஒரு ஆபத்து இருக்கு. ஆளை மாத்தினாலும் வெளியே தெரியாது! 1970-களில் பணம் தொடர்பா சாண்டோவுக்கும் க்ரூஸுக்கும் தகராறு, விஷயம் கோர்ட் வரை போச்சு. க்ரூஸ் கவலையே படலை. ஹெக்டர் ப்ளீகோ என்ற பாடிபில்டருக்கு அதே முகமூடியை மாட்டி, நெற்றியில் ‘எஸ்’ எழுத்தைச் சேர்த்து, காமிக்ஸைத் தொடர்ந்தார். தன்னை ஹீரோவாக்கிய புத்தகத்தில் சாண்டோவுக்கே இடமில்லை.

அந்த டி.வி நிகழ்ச்சி முடிஞ்சு கொஞ்ச நாளில், 1984 பிப்ரவரி 5-ம் தேதி மாரடைப்பால் சாண்டோ இறந்தார். வெள்ளி முகமூடியோடே அடக்கம் செய்தாங்க. அவரோட கடைசி மகன் ‘எல் ஹிஹோ தெல் சாண்டோ’, அதாவது ‘சாண்டோவின் மகன்’ என்ற பெயரில், அதே வெள்ளி முகமூடியோடு ஏற்கெனவே ரிங்குக்கு வந்திருந்தார்.

க்ரூஸ் தொடங்கிய காமிக்ஸ் 1987 வரை வந்தது.