ஐன்ஸ்டீனின் வயிற்றில் துடித்த கட்டி: அன்று ஸ்கேன் இருந்திருந்தால்?

1955 ஏப்ரல் 18, நள்ளிரவு தாண்டி ஒரு மணி. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் மருத்துவமனையில் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் ஜெர்மன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்த நர்ஸுக்கு ஜெர்மன் தெரியாது. சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 76.

காரணம் மாரடைப்பு இல்லை. இதயத்திலிருந்து வயிறு வழியாக இறங்கும் பெருந்தமனி வெடித்துவிட்டது.

இந்தக் கதை 1948-லேயே தொடங்கிவிட்டது. வயிற்று வலி, வாந்தி என்று அடிக்கடி அவதிப்பட்டு வந்தார் ஐன்ஸ்டீன். அவரைப் போலவே ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய டாக்டர் ருடால்ஃப் நிசென் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு கட்டி, நாடி போல துடித்தது!

அந்த டிசம்பரில் புரூக்ளினில் ஆபரேஷன். திறந்து பார்த்தால், தமனி பெரிய சாத்துக்குடி அளவுக்கு வீங்கியிருந்தது. வீங்கிய பகுதியை வெட்டிவிட்டு வேறு குழாய் வைக்கலாமே என்று கேட்கலாம். அந்த சிகிச்சையை பாரிஸில் சார்ல்ஸ் டுபோஸ்ட் செய்து காட்டியதே 1951-ல்தான். எனவே நிசென் வீக்கத்தைச் சுற்றி செலோபேன் தாளைச் சுற்றினார். ஆமாம், மிட்டாய் சுற்றுவோமே, அதே வகைதான்! அது உறுத்த உறுத்த, சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து தமனியின் சுவரைத் தாங்கும். ஆறு வருஷத்துக்கு மேல் தாங்கியது என்பதே பெரிய விஷயம்.

ஆனால் அந்தத் தாளுக்குள் என்ன நடக்கிறது? எளிதாகப் பார்க்க வழி இல்லை. சாதாரண எக்ஸ்ரேயில் தமனி சரியாகத் தெரியாது. 1955 ஏப்ரலில் மறுபடி வலி வந்தபோது, பித்தப்பை அழற்சியோ என்ற சந்தேகமும் எழுந்தது. பிரேதப் பரிசோதனைதான் உண்மையைச் சொன்னது. தமனி வீக்கம் இப்படி பித்தப்பை வலி போல ஏமாற்றுவதை மருத்துவர்கள் இன்றும் ஐன்ஸ்டீன் அறிகுறி என்றே சொல்கிறார்கள்.

இதில் ஒரு சோகம். 1953-லேயே ஸ்வீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர், உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை வைத்து இதயத் துடிப்பை ஒலி அலையில் பதிவு செய்துவிட்டார்கள். இன்றைய எக்கோவின் ஆரம்பம் அதுதான். மனிதருக்கு முதல் சிடி ஸ்கேன் எடுத்தது 1971-ல். இப்போது பெருந்தமனி ஆபரேஷன் முடிந்த பிறகும் ஸ்கேன் தொடரும். தையல் விட்டு ரத்தம் கசிந்து பை போல வீங்குவது, செயற்கைக் குழாயைச் சுற்றி தொற்று வருவது என அபூர்வமான சிக்கல்களையும் சிடி ஸ்கேனில் பிடிக்க முடிகிறது. இதயத்தை ஒட்டிய பகுதி என்றால் எக்கோவும் கைகொடுக்கும்.

ஸ்கேன் இருந்திருந்தால் ஐன்ஸ்டீன் பிழைத்திருப்பாரா? சொல்வது கஷ்டம். கடைசி நாட்களில் டாக்டர் ஃபிராங்க் க்ளென் ஆபரேஷனுக்கு அழைத்தார். ஆயுளைச் செயற்கையாக நீட்டிக்க விருப்பமில்லை என்று ஐன்ஸ்டீன் மறுத்துவிட்டார். மருத்துவமனைப் படுக்கையில் அவர் கேட்டது மூக்குக் கண்ணாடியும், பாதியில் நின்ற கணக்குத் தாள்களும்தான்.