கணக்கில் வராத வேலை: பேஸ்பால் வீரர் கான்ஸ்டான்டியின் கதை

ஆட்டம் முடியப் போகிறது. பிலடெல்பியா கோஷ்டி ஒரே ஒரு ஓட்டம் முன்னால் இருக்கிறது.

முதலில் இருந்து பந்து வீசியவர் களைத்துவிட்டார். அவருடைய கை சோர்ந்துவிட்டது. பந்து நினைத்த இடத்துக்குப் போகவில்லை. எதிர்க்கட்சி ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். கூட்டம் கூச்சல் போடுகிறது.

மானேஜர் எழுந்து வந்து கையைக் காட்டுகிறார். மைதானத்தின் ஓரத்தில் இருந்து ஒருவர் நடந்து வருகிறார். மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறார். பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் போல இருக்கிறார்.

உண்மையில் அவர் வாத்தியார்தான்!

அவர் பெயர் ஜிம் கான்ஸ்டான்டி. 1950-ம் ஆண்டில் இப்படி 74 தடவை அவர் நடந்து வந்தார். அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டமும் பெற்றார். ஆனால் ஆறே ஆண்டுகளில் அவருடைய பெரிய ஆட்டம் முடிந்துவிட்டது.

ஏன் அப்படி? அதுதான் இந்தக் கதை.

என்ன ஆட்டம்?

பேஸ்பால் ஆட்டம் கிரிக்கெட்டுக்கு ஒரு வகையில் சொந்தம். ஒருவர் பந்து வீசுவார். மற்றவர் மட்டையால் அடிப்பார். அடித்தவர் நான்கு மூலைகளையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். ஒரு பக்கத்துக்கு 9 பேர். மொத்தம் 9 சுற்று. சமமாக இருந்தால் சுற்று நீளும்.

கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவர்கள் மாறி மாறி வீசுவார்கள். பேஸ்பாலில் அப்படி இல்லை. ஒருவரே வீசிக் கொண்டிருப்பார். அவரை வெளியே அனுப்பினால், அன்றைய ஆட்டத்தில் அவர் திரும்பி வர முடியாது. அவருக்குப் பதிலாக வருகிறவர்தான் மாற்று வீச்சாளர்.

அந்தக் காலத்தில் மாற்று வீச்சாளர் என்றால் மதிப்பு குறைவு. நன்றாக வீசத் தெரிந்தவர் ஆட்டத்தை ஆரம்பித்து, தாமே முடிப்பார் என்பது பழைய எண்ணம். வயதானவர்களும், கை கெட்டுப்போனவர்களும், பழகாத சிறுவர்களும்தான் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடத்துக்குப் புல்பென் என்று பெயர்.

காத்தால் பெயர் இல்லை

பேஸ்பாலில் ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு உண்டு. பந்து வீசுகிறவருக்கு முக்கியமாக மூன்று கணக்கு எழுதுவார்கள். எத்தனை ஆட்டம் ஜெயித்தார்? எத்தனை ஆட்டம் தோற்றார்? 9 சுற்றுக்குச் சராசரியாக எத்தனை ஓட்டம் விட்டுக் கொடுத்தார்?

இந்தக் கணக்கில் மாற்று வீச்சாளருக்கு ஒரு சங்கடம் இருந்தது.

கோஷ்டி முன்னால் இருக்கும்போது அவர் வருகிறார். எதிரிகளை அடக்கி, ஆட்டத்தைக் காப்பாற்றுகிறார். வெற்றி யார் பெயரில் எழுதப்படும்? முதலில் வீசியவர் பெயரில்! காப்பாற்றியவர் பெயரில் ஒன்றும் இல்லை.

அவர் கோட்டைவிட்டு, கோஷ்டி தோற்றால்? அப்போது தோல்வி அவர் பெயரில் எழுதப்படும்!

காத்தால் பெயர் இல்லை. விட்டால் பழி மட்டும் உண்டு. வருட முடிவில் முதலாளி நோட்டைப் புரட்டுகிறார். இவர் என்ன செய்தார் என்று பார்க்கிறார். அங்கே எழுதியிருப்பதை வைத்துத்தான் அடுத்த வருடச் சம்பளம். வேலை உண்டா, இல்லையா என்பதும் அதை வைத்துத்தான்.

அந்த நாளில் ஆட்டக்காரர் தம் இஷ்டப்படி வேறு கோஷ்டிக்குப் போகவும் முடியாது. ஆனால் கோஷ்டி நினைத்தால் அவரை விற்கலாம், அனுப்பலாம், நீக்கலாம்.

27 வயதில் ஆரம்பம்

கான்ஸ்டான்டி 1917-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி பிறந்தார். ஊர், நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஸ்ட்ரைக்கர்ஸ்வில். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். பேஸ்பால் மட்டும் அல்ல, கூடைப்பந்து, கால்பந்து, குத்துச்சண்டை எல்லாவற்றிலும் கலந்து கொண்டார். பட்டம் பெற்றபின் உடற்பயிற்சி ஆசிரியராக வேலை பார்த்தார்.

வேலையோடு வேலையாகச் சிறு கோஷ்டிகளில் பந்து வீசினார். 1944-ம் ஆண்டு உலக யுத்தம் நடந்து கொண்டிருந்தது. ஆட்டக்காரர்கள் பலர் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். பெரிய கோஷ்டிகளில் இடம் காலியாயிற்று. அந்த ஆண்டு ஜூன் மாதம் சின்சினாட்டி கோஷ்டியில் கான்ஸ்டான்டிக்கு இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 27. அது கொஞ்சம் தாமதம்தான்.

மறுவருடம் அவரும் கடற்படைக்குப் போனார். திரும்பி வந்தபோது நிலைமை மாறியிருந்தது. யுத்தத்துக்குப் போன நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். 1946-ல் அவரை பாஸ்டன் கோஷ்டிக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே 10 ஆட்டம். பிறகு கனடா நாட்டின் டொரன்டோ நகரில் உள்ள சிறு கோஷ்டிக்கு அனுப்பப்பட்டார்.

முப்பது வயது ஆயிற்று. பெரிய கோஷ்டிகள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு ஒருவராக இருந்தால் பழையபடி வாத்தியார் வேலைக்கே போயிருப்பார்.

சவப்பெட்டிக்காரர் சொன்ன யோசனை

கான்ஸ்டான்டி அப்போது ஊஸ்டர் என்ற சிற்றூரில் குடியிருந்தார். அங்கே அவருக்கு ஆண்டி ஸ்கின்னர் என்று ஒரு சிநேகிதர். சவ அடக்க வேலைகளை எடுத்துச் செய்வது அவருடைய தொழில்.

ஸ்கின்னர் பேஸ்பால் வீரர் அல்ல. ஆனால் பந்தை உருட்டி விளையாடும் ஆட்டத்திலும், பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் கெட்டிக்காரர். உருளுகிற பந்து எப்படிச் சுழலும், எங்கே திரும்பும் என்பது அவருக்கு அத்துப்படி. சிநேகிதர் பந்து வீசுவதைக் கூர்ந்து பார்த்தார். பந்தைத் திருப்பி வீச வழி சொன்னார்.

கான்ஸ்டான்டியிடம் வேகம் கிடையாது. அதனால் அவர் வேகத்தை நம்பவில்லை. பந்து கடைசி நேரத்தில் விலகிப் போகும்படி வீசப் பழகினார். உள்ளங்கையில் பந்தைப் புதைத்து, மெதுவாக வந்து விழும்படி வீசவும் பழகினார். அடிக்கிறவர் அவசரப்பட்டு மட்டையைச் சுற்றி ஏமாந்து போவார்.

பிற்காலத்தில் பந்து சரியாகப் போகாதபோதெல்லாம், பெரிய பயிற்சியாளர்களை விட்டுவிட்டு ஸ்கின்னரைத்தான் வரவழைப்பார்!

டொரன்டோவில் மானேஜராக இருந்தவர் எடி சாயர். அவரும் கல்லூரியில் பாடம் சொன்னவர். 1948 ஜூலையில் பிலடெல்பியா பில்லீஸ் என்ற பெரிய கோஷ்டிக்கு சாயர் மானேஜர் ஆனார். கான்ஸ்டான்டியும் அந்த வருடமே அங்கு போய்ச் சேர்ந்தார். ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாரைக் கைதூக்கிவிட்டார்!

பொன்னான ஆண்டு

பில்லீஸ் கோஷ்டி 1915-க்குப் பிறகு லீக் பட்டமே வாங்கியதில்லை. 1950-ல் அங்கு இருந்தவர்கள் பெரும்பாலும் வாலிபர்கள். அவர்கள் நடுவில் கான்ஸ்டான்டிக்கு வயது 33.

சாயர் அவரை ஒரு ஆட்டத்தைக்கூட ஆரம்பிக்க விடவில்லை. முடிப்பதுதான் அவர் வேலை. 74 ஆட்டங்களில் இறங்கினார். அந்த நூற்றாண்டில் அதற்கு முன் பெரிய லீக்கில் யாரும் ஒரே வருடத்தில் அத்தனை ஆட்டத்தில் பந்து வீசியதில்லை. மொத்தம் 152 சுற்று வீசினார். சராசரி 2.66 ஓட்டம். சமமாக இருந்த ஆட்டங்களில் இறங்கி ஜெயித்துக் கொடுத்ததால் 16 வெற்றிகள் அவர் பெயரில் ஏறின. தோல்வி 7.

செப்டம்பரில் ஓர் ஆட்டம் 19 சுற்று வரை நீண்டது. அதில் மாற்று ஆளாக வந்த கான்ஸ்டான்டி மட்டும் 10 சுற்று வீசினார். முழு ஆட்டத்துக்கும் மேலே!

கடைசி வாரங்களில் கோஷ்டி தடுமாறியது. கொரியா யுத்தம் காரணமாக கர்ட் சிம்மன்ஸ் என்ற முக்கிய வீச்சாளர் பட்டாளத்துக்குப் போக நேர்ந்தது. ஆனாலும் அக்டோபர் 1-ந் தேதி, கடைசி நாள் ஆட்டத்தில், புரூக்ளின் கோஷ்டியை 10-வது சுற்றில் தோற்கடித்தார்கள். 35 வருடத்துக்குப் பிறகு பட்டம் கிடைத்தது.

லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள். பெரும் புகழ் பெற்ற ஸ்டான் மியூசியல் இரண்டாவதாக வந்தார். கான்ஸ்டான்டி முதலாவதாக வந்தார். ஒரு மாற்று வீச்சாளருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை!

ஒரே ஒரு ஓட்டம்

அந்த அக்டோபரில் உலகப் பட்டத்துக்காக நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டியுடன் மோத வேண்டியிருந்தது. சிம்மன்ஸ் இல்லை. ராபின் ராபர்ட்ஸ் ஓயாமல் வீசிக் களைத்திருந்தார். முதல் ஆட்டத்தை யார் ஆரம்பிப்பது?

சாயர் கான்ஸ்டான்டியைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் ஆச்சரியம். 1946-க்குப் பிறகு அவர் பெரிய லீக்கில் ஆட்டத்தை ஆரம்பித்ததே இல்லை.

ஆரம்பித்தார். 8 சுற்று வீசினார். நான்கே நான்கு நல்ல அடிதான் விட்டார். ஒரே ஒரு ஓட்டம் கொடுத்தார். ஆனால் பில்லீஸ் கோஷ்டி ஓர் ஓட்டம்கூட எடுக்கவில்லை! 1-0 என்று தோற்றார்கள். அற்புதமாக வீசியவர் பெயரில் தோல்வி எழுதப்பட்டது. அடுத்த மூன்று ஆட்டங்களிலும் யாங்கீஸ் ஜெயித்துப் பட்டத்தைக் கொண்டு போனது.

இறங்குமுகம்

மறு ஆண்டு 1951. அதே ஆள், அதே பந்து. ஆனால் அடிக்கிறவர்கள் அவருடைய தந்திரத்தைப் புரிந்து கொண்டார்கள். 4 வெற்றி, 11 தோல்வி. சராசரி 4.05 ஓட்டம் ஆயிற்று.

மாற்று வீச்சாளருக்கு இதுதான் ஆபத்து. அவர் வருவது ஆட்டத்தின் நெருக்கடியான நேரம். சின்னத் தவறும் பெரிய தோல்வியாகிவிடும். திருத்திக்கொள்ள மேலும் சுற்று இருக்காது. ஒரு வருடம் சறுக்கினால், முந்தின வருடப் புகழ் மறந்து போகும்.

1952-ல் அவரை நம்பிய சாயரின் வேலையும் போயிற்று. 1954 ஆகஸ்டில் பில்லீஸ் கான்ஸ்டான்டியைக் கைவிட்டது. எடுத்துக் கொண்டது யார் தெரியுமா? அவரைத் தோற்கடித்த அதே யாங்கீஸ்!

1955-ல், 38 வயதில், மறுபடியும் ஜொலித்தார். 7 வெற்றி, 2 தோல்வி. சராசரி 2.32. அந்த ஆண்டும் யாங்கீஸ் உலகப் பட்ட ஆட்டத்துக்குப் போனது. ஏழு ஆட்டம் நடந்தது. ஏழிலும் கான்ஸ்டான்டியைக் கூப்பிடவே இல்லை. புல்பென்னில் உட்கார்ந்தபடி கோஷ்டி தோற்பதைப் பார்த்தார். அடுத்த வருடம் மே மாதம் வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். செயின்ட் லூயிஸ் கோஷ்டியில் சில மாதம் ஆடினார். 1956-உடன் பெரிய லீக் வாழ்க்கை முடிந்தது.

கைவிடாத கல்வி

ஆனால் கான்ஸ்டான்டி கலங்கவில்லை. ஆட்டத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பது அவருக்கு முன்பே தெரியும். ஒனியோன்டா என்ற ஊரில் விளையாட்டுச் சாமான் கடை நடத்தினார். இளம் வீச்சாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1968 முதல் 1972 வரை அதே ஊரில் உள்ள ஹார்ட்விக் கல்லூரியில் விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்தார். எந்தப் படிப்பில் தொடங்கினாரோ, அந்தப் படிப்பே கடைசியில் சோறு போட்டது.

நோட்டில் ஒரு புதிய கட்டம்

இதற்குள் ஒரு மாறுதல் நடந்தது. சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன், காப்பாற்றியவர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று எண்ணினார். 1960-ம் ஆண்டு ஒரு புதிய கணக்கை வகுத்தார். அதற்குச் சேவ், அதாவது காப்பாற்றியது, என்று பெயர். 1969-ல் பெரிய லீக் அதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

பழைய நோட்டுகளையும் எடுத்துப் புதிய கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். 1950-ல் கான்ஸ்டான்டி 16 ஆட்டம் ஜெயித்தது மட்டும் அல்ல, மேலும் 22 ஆட்டங்களைக் காப்பாற்றினார் என்று தெரிய வந்தது. அந்த ஆண்டு லீக்கில் அவர்தான் முதல். பத்தொன்பது வருடம் கழித்து அவருடைய வேலைக்குக் கணக்கு கிடைத்தது!

1975 டிசம்பரில் இன்னொரு மாறுதல். ஆட்டக்காரர்களைக் கோஷ்டியுடன் கட்டிப்போட்ட பழைய விதியை ஒரு மத்தியஸ்தர் தீர்ப்பு தளர்த்தியது. கான்ஸ்டான்டிக்கு அதனால் பயன் இல்லை. புற்றுநோய் கண்டு, 1976-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி காலமானார். வயது 59.

இப்போது கடைசிச் சுற்று வீச்சாளர்கள் கோடிக் கணக்கில் சம்பளம் வாங்குகிறார்கள். 652 ஆட்டங்களைக் காப்பாற்றிய மரியானோ ரிவெரா, 2019-ல் ஒரு ஓட்டுக்கூடக் குறையாமல் புகழ் மண்டபத்துக்குத் தேர்வானார். ஆனால் கான்ஸ்டான்டி ஆடிய நேஷனல் லீக்கில், மிகச் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் பெற்ற மாற்று வீச்சாளர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

நம் வீட்டிலும் வேலை இடத்திலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. காரியம் கெடப் போகிற நேரத்தில் வந்து, சத்தம் இல்லாமல் முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பெயர் வேறு யாருக்கோ போகும். அவர்கள் வேலையையும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அதுவும் அவர்கள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.