திரைக்குள் சென்ற நியாயவாதி

நியாயவாதி என்றவுடன், நீதிமன்றில் எழுந்து நின்று வாதிடும் ஒருவரே நம் மனக்கண்முன் தோன்றுவர். அவ்வாறு நிற்கும் உரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்டும், குடும்பச் சொத்துரிமை இழந்து தவித்த பெண்களுக்குச் சட்டத் துணையாய் விளங்கிய அம்மையார் ஒருவரை ஈண்டு நினைவுகூர விரும்புகின்றேன். அவரே கொர்னேலியா சொராப்ஜி.

அம்மையார் 1866 ஆம் ஆண்டு நவம்பர் 15 ஆம் நாள் நாசிக் நகரிற் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமயந் தழுவிய பார்சியர். தாயார் பூனாவிற் பாடசாலை நிறுவிய கல்வித் தொண்டர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பட்டதாரி கொர்னேலியாவே. தேர்வில் முதன்மை பெற்றும், பெண் என்ற ஒரே காரணத்தால், இங்கிலாந்து சென்று கற்பதற்கான அரசாங்கப் புலமைப் பரிசில் அவருக்கு மறுக்கப்பட்டது. அன்பர் சிலர் பொருளுதவி புரிய, 1889 இல் ஒக்ஸ்போர்ட் சென்று சட்டம் பயின்றார். 1892 இல், சிறப்பு அனுமதி பெற்றுக் குடியியற் சட்டத் தேர்வெழுதித் தேறினார். அதற்குரிய பட்டம் அவர் கைக்கு வந்தது 1922 இலேதான். முப்பது ஆண்டுகள்!

தாயகம் மீண்டவர் கண்ட காட்சி யாது? வட இந்தியாவின் பெருங்குடிகளிற் பிறந்த மகளிர் பலர் திரைமறைவில் வாழ்ந்தனர். கணவனை இழந்த நாளில் நிலமும் பொருளும் அவர் பெயரில் இருக்கும். கணக்கு வேறொருவர் கையில் இருக்கும். அயல் ஆடவரோடு பேசலாகாது என்னும் வழக்கத்தால், சட்டம் அறிந்தவரிடம் ஆலோசனை கேட்கவும் வழியில்லை. பொருள் விளங்காத பத்திரத்திற் கைந்நாட்டிட்டு உரிமை இழந்தோர் பலர். உறுதியின் பொருளை அப்பெண் உணர்ந்தே ஒப்பமிட்டாள் என்பதை, அதனால் நயம்பெறுபவரே நிரூபித்தல் வேண்டும் என நீதிமன்றங்கள் விதித்திருந்தன. எனினும், முறையிட வழியறியாதவர்க்கு அவ்விதியால் யாது பயன்?

அவ்விடத்திற்கு ஆடவர் செல்ல இயலாது, கொர்னேலியாவால் இயன்றது. இளஞ்சிறார், கைம்பெண்டிர் முதலியோரின் ஆதனங்களைப் பரிபாலிக்கும் வங்காள அரசாங்க நிறுவனத்தில் 1904 இற் சட்ட ஆலோசகராக அமர்ந்தார். வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் எங்கணும் பயணஞ் செய்தார். ஜீவனாம்சம், வாரிசுரிமை, பிள்ளைகளின் கல்வி ஆகியன பற்றித் திரைக்குள் இருந்தே கேட்டறிந்து ஆவன செய்தார். அவரால் உதவி பெற்றோர் அறுநூற்றுவர் அளவினர் என்பர்.

1921 இல் அலகபாத் உயர்நீதிமன்றம் அவரை வழக்கறிஞராக ஏற்றபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. 1923 இல் பெண்களுக்கு அத்தொழிலைத் திறந்துவிடுஞ் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் தொழில் தொடங்கினார். எனினும், மன்றில் வாதிடுவதிலும் எழுத்து மூலம் சட்டக் கருத்துரைப்பதே அவருக்குப் பெரிதும் வாய்த்தது. 1929 இல் ஓய்வுபெற்று, 1954 இல் இலண்டனில் மறைந்தார்.

அம்மையார் பிரித்தானிய ஆட்சியை ஆதரித்தவர். காந்தியடிகளின் இயக்கத்தை எதிர்த்தவர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. அதனை மறைத்து அவர் வரலாற்றைக் கூறுதலும் முறையன்று. ஆயினும், அக்குறை நோக்கி அவர் தொண்டை மறத்தல் நன்றியன்று.

சட்டம் பயிலச் செல்லும் மாணவியர் என்னிடம் விடைபெற வரும்போது, இவ்வம்மையாரின் வரலாற்றையே நான் சொல்லி அனுப்புவது வழக்கம். தமக்கு மன்றின் கதவு திறக்கும்வரை அவர் வாளா இருந்திலர். அக்கதவை அணுகவும் இயலாதாரைத் தேடிச் சென்றார். கற்ற கல்வியின் பயன் அதுவன்றோ?