தேர்வெழுத மறுத்தவர் தந்த களஞ்சியம்

கோடை வந்துவிட்டது. பள்ளிக் கதவுகள் மூடப்பட்டன. பிள்ளைகள் மகிழ்ந்தனர், பெற்றோரோ பதறுகின்றனர்! ஒரு திங்கள் முழுதும் பிள்ளை சும்மா இருந்தால் என்னாவது என்ற கவலை. கோவையிலே, திருப்பூரிலே, ஈரோட்டிலே தெருவுக்குத் தெரு விளம்பரத் தட்டிகள். ஆங்கிலப் பேச்சு வகுப்பாம். அடுத்த ஆண்டுப் பாடத்தை இப்போதே ஊட்டும் வகுப்பாம். எல்லாவற்றுக்கும் பணம் கட்டும் தந்தை, பிள்ளை ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டால் மட்டும் சீறுகிறார். கதை படிப்பது காலத்தைப் பாழாக்குவதாம்!

அப்படி எண்ணுவோர்க்கு நம் கொங்கு மண்ணில் பிறந்த ஒருவரை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பட்டத் தேர்வை எழுத மறுத்தவர் அவர். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தளித்தவரும் அவரே!

பெரியசாமித் தூரன். ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிக்கு அருகே மஞ்சக்காட்டுவலசு என்னும் சிற்றூர். 1908 செப்டம்பர் 26ஆம் நாள் அங்கே ஓர் உழவர் வீட்டில் பிறந்தார். தூரன் என்பது குலப்பெயர். குலப்பெயர் கூறி மகிழ்பவரல்லர் நாம். ஆயினும் நாடு அவரை அறிந்தது அந்தப் பெயரால்தான், மாற்ற நாம் யார்? ஈரோட்டிலே பள்ளிப் படிப்பு, சென்னையிலே கல்லூரிப் படிப்பு, பயின்றது கணிதம். 1931 மார்ச் 23ஆம் நாள் பகத்சிங்கைத் தூக்கிலிட்டது வெள்ளை அரசு. கொதித்தான் அந்த இளைஞன். இறுதித் தேர்வைப் புறக்கணித்தான். ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை, பட்டம் கைக்கெட்டும் நேரத்தில் அதை உதறினான் என்றால், அந்த வீட்டிலே அன்று என்ன பேச்சு நடந்திருக்கும்! இன்றைய பெற்றோராயிருந்தால், பிள்ளை கெட்டான் என்று தலையிலே கை வைத்துக்கொண்டிருப்பர்.

கெடவில்லை அவர். கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியரானார். பிள்ளைகளோடு பழகினார்; பிள்ளைகளின் மனத்தையே பாடமாகக் கற்றார். குழந்தை உள்ளம் பற்றியும், குமரப் பருவம் பற்றியும், அடிமனம் பற்றியும் எளிய தமிழிலே நூல்கள் எழுதினார். உளநூல் என்றால் ஆங்கிலத்தில்தான் என்றிருந்த காலம் அது! கீர்த்தனைகளும் இயற்றினார், நூற்றுக்கணக்கிலே. பத்திப் பாடல்கள் அவை. நம் வழி வேறு. ஆயினும், மேடையிலே தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லை என்றோர் வாயை அவை அடைத்தன என்பதை மறுப்பார் யார்?

அந்த வித்தியாலயத்தை நிறுவியவர் அவினாசிலிங்கம். 1946இல் அவர் சென்னை மாகாணத்தின் கல்வியமைச்சரானார். காங்கிரசுக்காரர்தாம், அதனாலென்ன, நல்லதை நல்லதென்போம். அவர் காலத்திலே 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் நூலகம் வைக்க வழி திறந்த சட்டம். தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியவரும் அவரே. கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியராகத் தூரனை அமர்த்தினார்கள். நூலகம் என்னும் வீடு ஒரு பக்கம். அதில் வைக்க ஏடு மறுபக்கம்!

எளிய வேலையா அது? அணுவைப் பற்றியும் ஆமையைப் பற்றியும் ஆட்சிமுறையைப் பற்றியும் தமிழிலே எழுத வேண்டும். எழுதச் சொற்கள் வேண்டும். இல்லாத சொல்லை ஆக்க வேண்டும். அறிஞர் பலரிடம் கட்டுரை வாங்க வேண்டும். வந்ததைத் திருத்த வேண்டும். முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. ஒன்பதாம் தொகுதி 1963இல்; பத்தாவது 1968இல். தொகுதிக்கு ஏறத்தாழ 750 பக்கம். அந்த 1968இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வந்தது. வயது அறுபது. ஓய்ந்து உட்காரலாம் அல்லவா?

உட்காரவில்லை. குழந்தைகளுக்கென்று தனியே ஒரு கலைக்களஞ்சியம் தொடங்கினார். 1968 முதல் 1976 வரை, படங்களோடு பத்துத் தொகுதிகள்! பெரியவர்க்கு எழுதியதைச் சுருக்கிக் கொடுத்தால் போதும் என்று விட்டுவிடவில்லை. அகர வரிசையிலே அடுக்கிய ஏட்டில் ஒரு விந்தை உண்டு. எறும்பைத் தேடித் திறக்கிற குழந்தை, வழியிலே எரிமலையைக் கண்டு நின்றுவிடும், எறும்பை மறந்துவிடும். மறக்கட்டுமே! நாளை அதைத் தேடி மறுபடி வரும். யாரும் கேள்வி கேட்காத, மதிப்பெண் போடாத படிப்பு அது.

கதையும் எழுதினார் இந்தக் களஞ்சிய ஆசிரியர். மாயக்கள்ளன், சூரப்புலி, கொல்லிமலைக் குள்ளன், சங்ககிரிக் கோட்டையின் மர்மம் — பெயர்களைக் கேட்டாலே பிள்ளையின் கை நீளும். கொல்லிமலையும் சங்ககிரியும் எங்கோ கடல் கடந்து கிடப்பவையா? பேருந்தேறினால் போய்ச் சேரும் இடங்கள். நம் பிள்ளை அறிந்த மலையிலே, நம் பிள்ளை கண்ட கோட்டையிலே கதை நடக்கிறது. ஆங்கிலக் கதையிலே பனிமலையைப் படித்த பிள்ளைக்கு நம் மலையைத் தந்தவர் அவர்.

அந்தக் கொல்லிமலை நிற்கும் நாமக்கல் மாவட்டத்திலேதான், பதினோராம் வகுப்புப் பாடத்தை விழுங்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பையே ஈராண்டு உருப்போட வைக்கும் வழக்கம் கொழுத்து வளர்ந்தது. விடுதியிலே அடைத்து, விளக்கைப் போட்டு, விடிய விடியத் தீனி. கறிக்கோழிப் பள்ளி என்று ஊரே பெயர் வைத்தது. அங்கே போன பிள்ளையின் பெட்டியில் ஒரு கதைப் புத்தகம் இருந்திருக்குமா? அப்படிப் படித்து மருத்துவரானோர் உண்டு, பொறியாளரானோர் உண்டு; இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாட நூலை மூடிய பின் வேறொரு நூலைத் திறக்க அவர்களில் எத்தனை பேருக்குக் கை வருகிறது? பணம் கட்டிய பெற்றோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

தூரன் 1987 சனவரி 20ஆம் நாள் மறைந்தார். அவர் நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. எவரும் அச்சிடலாம், எவரும் படிக்கலாம். வீட்டுவரியோடு நூலக வரியும் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கிளை நூலகத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். கொல்லிமலைக் குள்ளன் இருக்கிறதா என்று பிள்ளையே கேட்கட்டும். இல்லையென்றால், வாங்கி வைக்கச் சொல்லி நூலகரிடம் எழுதிக் கொடுங்கள்.